கட்டுக்குள் மலர்ந்த நாதம்: ஸ்ரீ முத்துஸ்வாமி தீக்ஷிதர்

ஆலயம் எழுப்பும் ஸ்தபதி தம் மனம் போனவாறு கல்லை அடுக்குவதில்லை. கர்ப்பக்கிருஹத்தின் அளவு இன்னது, அதற்கேற்ற விமானம் இன்னது, மூர்த்திக்குரிய தாலப் பிரமாணம் இன்னது என்று சிற்ப சாஸ்திரம் முன்கூட்டியே வரையறுத்து வைத்திருக்கிறது. அவ்வரையறைக்குள் நின்றுதான் அவர் உளியை எடுக்கிறார். ஆயினும் சோழ நாட்டில் ஓர் ஊர் நடராஜரைப் போல் மற்றோர் ஊர் நடராஜர் இருப்பதில்லை. அளவு ஒன்றே, அருள் ததும்பும் முகங்களோ அநேகம். விதி கற்பனையை அடக்கிவிட்டதா, வளர்த்துவிட்டதா என்று கேட்பவர், அம்மூர்த்திகளின் முன் சற்று நின்று பார்த்தால் விடை காண்பர்.

சிற்பத்தில் காணும் இவ்வுண்மையைச் சங்கீதத்தில் தம் வாழ்நாள் முழுவதையும் கொண்டு விளக்கியவர் ஸ்ரீ முத்துஸ்வாமி தீக்ஷிதர். பிறர் ஒரு கட்டுப்பாட்டையே சுமையாகக் கருதும் இடத்தில், அவர் தாமாகவே நான்கைந்து கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டார். அவை ஒவ்வொன்றும் அவருக்குப் புதிய வாசலைத் திறந்தது. அந்த வாசல்கள் வழியே அவர் கண்டு தந்த கீர்த்தனங்களே இன்றும் நம் ஆலய மண்டபங்களில் ஒலித்துக்கொண்டிருக்கின்றன.

பிறப்பும் பயிற்சியும்

திருவாரூர் தலம் சங்கீத உலகுக்கு மும்மூர்த்திகளை அளித்த பெருமை உடையது. 1762-ஆம் ஆண்டில் சியாமா சாஸ்திரிகளும், 1767-ஆம் ஆண்டில் தியாகராஜ ஸ்வாமிகளும், 1775-ஆம் ஆண்டில் முத்துஸ்வாமி தீக்ஷிதரும் அத்தலத்தில் அவதரித்தனர். தீக்ஷிதரின் தந்தையார் ராமஸ்வாமி தீக்ஷிதர் பெரும் சங்கீத வித்வான். அவருக்கு நெடுநாள் மகப்பேறு வாய்க்கவில்லை. வைத்தீசுவரன் கோயிலில் எழுந்தருளியிருக்கும் பாலாம்பிகையையும் முத்துக்குமாரஸ்வாமியையும் வேண்டித் தவமிருந்தபின் பிறந்த புதல்வராதலால், அப்பெருமானின் திருநாமத்தையே குழந்தைக்குச் சூட்டினார். பின்னர்ச் சின்னஸ்வாமி, பாலுஸ்வாமி என்னும் இரு புதல்வர்களும் பாலாம்பாள் என்னும் புதல்வியும் பிறந்தனர்.

கட்டுப்பாட்டில் இன்பம் காணும் இயல்பு இவர்களுக்குக் குடும்பச் சொத்து என்றே கூறலாம். 108 ராகங்களையும் தாளங்களையும் கோத்து ஒரே மாலையாக அஷ்டோத்தரசத ராகதாள மாலிகை இயற்றியவர் ராமஸ்வாமி தீக்ஷிதர். ராகங்கள் அனைத்தையும் 72 மேளங்களுக்குள் ஒழுங்குபடுத்திய வேங்கடமகியின் பரம்பரையில் பாடம் கேட்டவரும் அவரே. ஒவ்வொரு ராகத்துக்கும் உரிய இடம் எது, எந்த ஸ்வரம் எங்கே நிற்க வேண்டும், எங்கே வளைய வேண்டும் என்னும் நுணுக்கமான எல்லைகளை அறிந்துகொண்டே மூத்த புதல்வர் வளர்ந்தார். வேதம், காவியம், வியாகரணம், வீணை ஆகிய நான்கும் அவருக்கு இளமையிலேயே கைவந்தன. இவற்றுள் வியாகரணம் என்னும் இலக்கணப் பயிற்சி, பின்னாளில் அவர் பக்திக்கு எவ்வாறு உதவிற்று என்பது வியக்கத்தக்கது.

மணலியும் காசியும்

சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் வாழ்ந்த செல்வரான முத்துக்கிருஷ்ண முதலியார், ராமஸ்வாமி தீக்ஷிதரின் குடும்பத்தை அங்கு வரவழைத்து ஆதரித்தார். அவர் புதல்வர் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அவ்வாதரவைத் தொடர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு தொடர்புடைய குடும்பமாதலால், புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் வாசித்த பாண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு இச்சகோதரர்களுக்குக் கிடைத்தது. தம்பி பாலுஸ்வாமி ஐரோப்பியரின் பிடிலைக் கற்று, அதனை நம் சங்கீதத்துக்கு ஏற்றவாறு வாசிக்கத் தலைப்பட்டார். தமையனார் செய்ததோ வேறொரு காரியம். அதனை உரிய இடத்தில் காண்போம்.

மணலிக்கு வந்த சிதம்பரநாத யோகி என்னும் மகான் இளைஞரான முத்துஸ்வாமியைத் தம்முடன் காசிக்கு அனுப்புமாறு கேட்டார். தலைமகனைப் பிரிவது தந்தைக்கு எளிதாக இல்லை. ஆயினும் குருவின் சொல்லை மறுக்கத் துணியாமல் இசைந்தார். சில ஆண்டுகள் காசியில் தங்கி ஸ்ரீவித்தையிலும் வேதாந்தத்திலும் தீக்ஷிதர் பயிற்சி பெற்றார். வடநாட்டுச் சங்கீதத்தையும் செவியாரக் கேட்டார். அவர் கீர்த்தனங்களில் காணப்படும் ஆழ்ந்த விளம்பகால நடைக்கு அக்கேள்வியும் ஒரு காரணம் என்று அறிஞர் கருதுவர். கங்கையில் மூழ்கி எழுந்தபோது அவர் கையில் ஒரு வீணை கிடைத்தது என்பது பரம்பரையாக வழங்கிவரும் வரலாறு. குரு அங்கேயே சித்தியடைந்தபின் சீடர் தென்னாடு திரும்பினார்.

தணிகையில் பிறந்த முதற்பாட்டு

திரும்பி வந்தவர் திருத்தணிகைக்குச் சென்று முருகப்பெருமான் ஸந்நிதியில் தவமிருந்தார். முதியவர் ஒருவர் வந்து அவர் வாயில் கற்கண்டை இட்டு மறைந்தார் என்றும், அக்கணமே பாட்டுப் பிறந்தது என்றும் பெரியோர் கூறுவர். அம்முதற்பாட்டு மாயாமாளவகௌள ராகத்தில் அமைந்தது. சங்கீதம் பயிலத் தொடங்கும் குழந்தை முதன்முதலில் ஸரளி வரிசை பாடும் ராகமும் அதுவே. குஹப்பெருமானையே குருவாகக் கொண்டமையால், அன்றுமுதல் தம் பாடல்கள் எல்லாவற்றிலும் குருகுஹ என்னும் முத்திரையை வைத்தார்.

முதற்பாட்டில் முருகன் முதல் வேற்றுமையில், அதாவது எழுவாயாக, நிற்கிறான். அடுத்த பாட்டு இரண்டாம் வேற்றுமையில் அமைந்தது. அதற்கடுத்தது மூன்றாம் வேற்றுமையில். இவ்வாறு விளி வேற்றுமை ஈறாக எட்டு வேற்றுமைக்கும் எட்டுப் பாடல்கள் தோன்றின. பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் வேற்றுமை அட்டவணை, ஒரு பக்தரின் கையில் எட்டு மலர் கோத்த மாலையாயிற்று.

இது வெறும் புலமை விளையாட்டு என்று எண்ணுவோர் அவ்வேற்றுமைகளின் பொருளைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். முதல் வேற்றுமையில் இறைவன் செயல் புரிகிறான், காப்பவன் அவன். இரண்டாம் வேற்றுமையில் அவன் வழிபடப்படும் பொருளாகிறான், செயல் பக்தனுடையதாகிறது. மூன்றாவதில் அவனால் எல்லாம் நடைபெறுகின்றன. நான்காவதில் அவனுக்கு வணக்கம் செலுத்தப்படுகிறது. ஐந்தாவதில் அவனினும் மேலான ஒன்று இல்லை என்னும் துணிவு பிறக்கிறது. ஆறாவதில் பக்தன் அவனுடையவன் ஆகிறான். ஏழாவதில் அவனிடத்திலேயே மனம் தங்குகிறது. எட்டாவதில் நேருக்கு நேர் நின்று அழைக்கும் உரிமை கிட்டுகிறது. துதிக்க வருபவன் வழக்கமாகக் காப்பாற்று, அருள் புரி என்ற இரண்டொரு சொற்களோடு நின்றுவிடுவான். இலக்கணம் இட்ட கட்டளையோ அவனை எட்டுத் திசையிலும் திருப்பி நிறுத்தி, ஒரே தெய்வத்தை எட்டு உறவுகளில் காணச் செய்கிறது. கட்டுப்பாடு எண்ணத்தைக் குறுக்குகிறது என்பர். இங்கே அது தானாகத் தோன்றாத எண்ணங்களை வலிந்து தோற்றுவித்தது.

க்ஷேத்திரங்கள் தோறும்

காஞ்சிபுரத்தில் சில காலம் தங்கி உபநிஷத் பிரம்மேந்திரரின் தொடர்பைப் பெற்ற தீக்ஷிதர், தலயாத்திரையாகப் பல ஊர்களுக்கும் சென்றார். சென்ற தலங்களில் எல்லாம் பாடினார். ஒரு தலத்தைப் பாடும்போது அவர் தமக்கு விதித்துக்கொண்ட நியமங்கள் எளியவை அல்ல. மூர்த்தியின் திருநாமம் வர வேண்டும். அம்பிகை, தீர்த்தம், தலவரலாறு ஆகியவற்றின் குறிப்பு வர வேண்டும். குருகுஹ முத்திரை பொருளோடு பொருந்தி வர வேண்டும். இயன்ற இடமெல்லாம் ராகத்தின் பெயரும் சாஹித்தியத்தில் இழைந்து வர வேண்டும். இத்தனையும் எதுகை மோனை வழுவாமல், ராகத்தின் வடிவம் சிதையாமல், சில வரிகளுக்குள் அடங்க வேண்டும்.

பஞ்சபூதத் தலங்களைப் பற்றிய ஐந்து கீர்த்தனங்களை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். பிருதிவித் தலமாகிய காஞ்சிக்குப் பைரவி, அப்புத் தலமாகிய திருவானைக்காவுக்கு யமுனாகல்யாணி, தேயுத் தலமாகிய திருவண்ணாமலைக்கு ஸாரங்கா, வாயுத் தலமாகிய காளஹஸ்திக்கு ஹுசேனி, ஆகாசத் தலமாகிய சிதம்பரத்துக்குக் கேதாரம் என்பன அவர் தேர்ந்த ராகங்கள். திருவானைக்காவில் இறைவன் நீர் வடிவினன். அக்கீர்த்தனத்தில் கங்கை, காவிரி ஆகியவற்றோடு யமுனையின் பெயரும் வருகிறது. ராகத்தின் பெயரில் பாதி இவ்வாறு புனித நீரின் பெயராகவே கரைந்துவிடுகிறது. சிதம்பரக் கீர்த்தனத்தில் கேதாரம் என்னும் ராகப் பெயர், இமயத்திலுள்ள கேதார க்ஷேத்திரத்தைக் குறிப்பதாய் அமைந்து, எல்லாத் தலங்களுக்கும் ஆதாரமானவன் தில்லைக் கூத்தன் என்னும் கருத்தைத் தருகிறது. ராகப் பெயரை வைத்தே தீர வேண்டும் என்னும் நியமம் இல்லாதிருந்தால், தென்கோடித் தில்லையில் நின்ற கவிக்கு வடகோடிக் கேதாரம் அந்த இடத்தில் நினைவுக்கு வந்திருக்குமோ என்பது ஐயமே.

மார்கழியில் நம் வீதிகளில் புள்ளிக் கோலம் இடும் பெண்மக்களை இங்கே நினைவுகூரலாம். புள்ளிகளை முதலில் வைத்துவிடுகிறார்கள். அவற்றை இனி நகர்த்த இயலாது. ஒரு புள்ளியும் விடுபடாமல் கோடு சுற்றிவர வேண்டும் என்ற நியதியே, எவரும் எண்ணாத வளைவுகளை அக்கைக்குக் கற்பிக்கிறது. நாமம், தலம், முத்திரை, ராகப் பெயர் ஆகியவை தீக்ஷிதர் முதலில் வைத்த புள்ளிகள். அவற்றைச் சுற்றி வளைந்தோடிய கோடே அவர் கீர்த்தனம்.

திருவாரூரில்

தலயாத்திரைக்குப்பின் பிறந்த ஊராகிய திருவாரூருக்குத் திரும்பிய தீக்ஷிதர், அங்கே நெடுங்காலம் வாழ்ந்தார். அவர் கலை உச்சநிலை எய்தியது அத்தலத்தில்தான். தியாகராஜப் பெருமான் மீது எட்டு வேற்றுமைக்கும் எட்டுக் கீர்த்தனங்கள் பாடினார். அல்லியங்கோதை என வழங்கும் நீலோத்பலாம்பிகை மீது பாடிய எட்டுப் பாடல்களில் வேற்றுமைக் கட்டளையோடு மற்றொன்றையும் சேர்த்துக்கொண்டார். எட்டுப் பாடல்களுக்கும் உரிய ராகங்கள் கௌள என்று முடியும் பெயருடையனவாக இருக்க வேண்டும் என்பது அது. நாராயணகௌள, ரீதிகௌள, கன்னடகௌள, கேதாரகௌள, கௌள, மாயாமாளவகௌள, பூர்வகௌள, சாயாகௌள என்று எட்டும் அமைந்தன.

பெயர் ஒற்றுமை செவிக்கு இனியதாயினும் இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கேதாரகௌளையும் நாராயணகௌளையும் ஒரே மேளத்தில் பிறந்தவை. சற்று அயர்ந்தால் ஒன்று மற்றொன்றின் சாயலில் விழுந்துவிடும். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்துப் பாட வேண்டுமாயின், ஒவ்வொன்றுக்கும் தனியே உரிய ஸ்வரச் சேர்க்கை யாது என்று ஆழ்ந்து தேடியே ஆக வேண்டும். தேடியவர் கண்டார். இவ்விரு ராகங்களும் எங்கே பிரிகின்றன என்று அறிய விரும்பும் மாணாக்கர் அப்பாடல்களை நாடுவது இதனால்தான்.

யோகாசனத்தில் எழுந்தருளியிருக்கும் கமலாம்பிகை மீது பாடிய நவாவரணக் கீர்த்தனங்கள் அவருடைய பெரும்படைப்பு. தோடியில் தியானப் பாட்டு ஒன்று, ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது ஆவரணங்களுக்கும் ஒன்பது, ஸ்ரீராகத்தில் மங்களம் ஒன்று எனப் பதினொரு பாடல்கள் அவை. ஆனந்தபைரவி, கல்யாணி, சங்கராபரணம், காம்போதி, பைரவி, புன்னாகவராளி, ஸஹானா, கண்டா, ஆஹிரி என்பன ஒன்பது ஆவரணங்களுக்கும் உரிய ராகங்கள். முதல் எட்டு ஆவரணங்களுக்கு எட்டு வேற்றுமைகளையும் முறையே வைத்தார். ஒவ்வோர் ஆவரணத்திலும் அவ்வச் சக்கரத்தின் பெயரும் அங்குள்ள யோகினியின் பெயரும் இடம்பெற வேண்டும் என்னும் உபாஸனா நியமமும் உண்டு. எட்டு வேற்றுமைகள் முடிந்துவிட்டன; ஒன்பதாவது ஆவரணத்துக்கு என்ன செய்வது? கணக்குக்குள் அடங்காமல் நின்ற அந்த ஒன்றிலேதான் அவருடைய கற்பனை சிகரத்தைத் தொட்டது. ஆஹிரியில் அமைந்த ஒன்பதாம் பாட்டில் எட்டு வேற்றுமைகளையும் ஒருங்கே கொண்டுவந்து சேர்த்தார். வெளிச் சுற்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கடந்து உள்ளே சென்ற உபாஸகன், நடுவிலுள்ள பிந்துவை அடையும்போது எல்லா உறவுகளும் ஒன்றாய்ப் போகின்றன என்னும் தத்துவம், இலக்கண வடிவிலேயே அங்கு விளங்குகிறது. நவராத்திரி நாட்களில் நாளுக்கொன்றாக இவற்றைப் பாடுவோர் பலரும் இதனை உணர்ந்து உருகுவர்.

தியாகேசர் மீது ஆனந்தபைரவியில் அவர் பாடிய மற்றொரு கீர்த்தனம் கோபுச்ச யதியில் அமைந்தது. கோபுச்சம் என்பது பசுவின் வால்; மேலே பருத்துக் கீழே மெலிவது. அவ்வாறே, நீண்ட தொடர் ஒன்று தலையிலிருந்து சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வருகிறது. குறைந்து நிற்கும் பகுதி ஒவ்வொன்றும் பொருள் தருகிறது. இறுதியில் எஞ்சும் ஓரெழுத்தும் மந்திர பீஜமாகிறது. அதே பாட்டின் பிற்பகுதியில் ஓரசையில் தொடங்கி ஆறுபோல் அகன்று விரியும் ஸ்ரோதோவஹ யதியும் அமைந்துள்ளது. சுருங்கினாலும் விரிந்தாலும் நிறைவு குறையாத ஒரு பொருளைப் பாடுவதற்கு இதைவிடப் பொருத்தமான யாப்பு வேறு எது?

நோய் தீர்க்க எழுந்த பாடல்கள்

திருவாரூர்க் கோயிலில் சுத்த மத்தளம் வாசித்த தம்பியப்பன் என்பவர் தீக்ஷிதரின் சீடர். அவர் கொடிய வயிற்றுவலியால் துன்புற்றார். ஜாதகத்தை ஆராய்ந்த தீக்ஷிதர், குரு கிரகத்தின் தோஷம் என்று கண்டு, பிருஹஸ்பதி மீது அடாணா ராகத்தில் ஒரு கீர்த்தனம் இயற்றிச் சீடரைப் பாடச் செய்தார் என்றும், நோய் நீங்கிற்று என்றும் வழிவழியாகக் கூறுவர். மற்றக் கிரகங்களையும் அவர் பாடியது இதனைத் தொடர்ந்தே என்பர்.

வாரத்தின் நாட்களுக்குரிய கிரகங்கள் ஏழு. ஸங்கீதத்தில் குழந்தைகளும் அலங்காரங்களாகப் பயிலும் தாளங்களும் ஏழு. இவ்விரண்டையும் வரிசை மாறாமல் பிணைத்தார் தீக்ஷிதர். ஞாயிறுக்குத் துருவ தாளம், திங்களுக்கு மட்டிய தாளம், செவ்வாய்க்கு ரூபகம், புதனுக்கு ஜம்பை, வியாழனுக்குத் திரிபுடை, வெள்ளிக்கு அட தாளம், சனிக்கு ஏக தாளம் என அவை அமைந்தன. துருவத்தில் 14 அக்ஷரங்கள், ஏகத்தில் நான்கே. நீண்ட தாளத்தில் நிதானமாகச் சுற்றிவரும் சூரியன் பாட்டும், நான்கே அக்ஷர ஆவர்த்தனத்தில் யதுகுலகாம்போதியைச் சிறிதும் அவசரமின்றி விரித்துக் காட்டும் சனி பகவான் பாட்டும், அளவு குறைந்தால் கலை குறையும் என்னும் எண்ணத்தைப் பொய்யாக்குகின்றன. ராகு, கேது ஆகிய இருவர் மீதும் பாடல்கள் வழங்குகின்றன. ஆயினும் அவை தீக்ஷிதர் வாக்குத்தானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஏழு தாளங்களோடு அவர் வகுத்த திட்டம் முழுமையாகிவிடுவதும் அவ்வையத்துக்கு ஒரு காரணமாயிற்று. இவ்வாறு, கவி வகுத்த எல்லையே பின்னாளில் அவர் படைப்பைக் காக்கும் வேலியாகவும் நிற்கிறது.

பிறர் மெட்டில் தம் தெய்வம்

கோட்டையில் கேட்ட பாண்டு வாத்தியத்தைக் கொண்டு தமையனார் செய்த காரியத்தை இங்கே கூறலாம். அந்த மெட்டுகளுக்கு அவர் ஸம்ஸ்கிருத சாஹித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வர சாஹித்தியம் என வழங்கும் இவை சுமார் 40 உள்ளன. ஆங்கில நாட்டின் ராஜவாழ்த்து மெட்டும் அவற்றுள் ஒன்று.

இதில் உள்ள நெருக்கடி வேறு வகையானது. தம் சொந்தக் கீர்த்தனத்தில் சொல்லுக்கேற்ப ராகத்தை வளைக்கலாம், கமகம் கொடுக்கலாம், ஓர் அக்ஷரத்தை நீட்டலாம். இங்கே மெட்டு முன்பே முடிந்துவிட்டது. ஒரு ஸ்வரத்தையும் அசைக்க இயலாது. கமகத்துக்கு இடமில்லை. சங்கராபரணத்தின் நேரான ஸ்வரங்கள் மட்டுமே உண்டு. அவருக்குப் பெருந்துணையாக நின்ற கருவிகள் அனைத்தும் பறிக்கப்பட்ட நிலையில், எஞ்சியவை குறிலும் நெடிலும் தெய்வத்தின் திருநாமமும் மட்டுமே. அவற்றைக் கொண்டே கணபதியையும் தேவியையும் மற்றத் தெய்வங்களையும் பாடினார். ஆழ்ந்த விளம்பகால கீர்த்தனங்களை இயற்றியவரே இத்துள்ளும் பாடல்களையும் இயற்றினார் என்பதை நம்புவதே அரிது. இன்று சங்கீதம் பயிலும் சிறுவர் சிறுமியர் மகிழ்ந்து பாடுபவை அவை. சிப்பாய்களின் அணிவகுப்புக்கு உதவிய மெட்டு, குழந்தைகளின் நாவில் தெய்வ நாமமாக மாறிற்று.

வறுமையும் வைராக்கியமும்

தாமே விதித்துக்கொண்ட நியமங்களில் மிகக் கடினமானது பாட்டைப் பற்றியதன்று, வாழ்க்கையைப் பற்றியது. மனிதரைப் பாடிப் பொருள் பெறுவதில்லை என்பது அது. தஞ்சை அரசவை அருகிலேயே இருந்தது. இல்லத்திலோ வறுமை. அரசனைக் கண்டு வந்தால் இல்லத்தார்க்கு நகையும் பொருளும் கிட்டுமே என்ற பேச்சு எழுந்தபோது, அழியும் செல்வரை நாடாமல் பொன்மயமான திருமகளையே சரணடைவேன் என்னும் கருத்தில் லலிதா ராகத்தில் ஒரு கீர்த்தனம் பாடினார் என்பது செவிவழி வரலாறு. அன்று அவர் அந்த நியமத்தைச் சற்றுத் தளர்த்தியிருந்தால் குடும்பம் செழித்திருக்கும். ஆனால் அந்த லலிதா நமக்குக் கிடைத்திருக்காது.

தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்கள் இவரிடம் பாடம் கேட்டவர்களே. நாட்டியக் கச்சேரியின் முறைக்கு அவர்கள் தந்த ஒழுங்கான அமைப்பில் குருவின் ஒழுங்குணர்ச்சியின் சாயலைக் காணலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். கட்டுப்பாடு மட்டுமே கவியை உண்டாக்கிவிடாது. சித்திரகவி பாடிய புலவர் பலர். அவர்களில் பலருடைய பாடல்கள் இன்று ஏட்டிலேயே உறங்குகின்றன. சட்டம் இருந்தது, உள்ளே நிறைக்கப் பொருள் இல்லை. தீக்ஷிதருக்கோ காசியில் பெற்ற உபாஸனையும், நாள்தோறும் செய்த பூஜையும், வீணையில் கழித்த பொழுதுகளும் உள்ளே நிறைந்து நின்றன. நிறைந்த நீருக்கே கரை வேண்டும். வறண்ட மணலுக்குக் கரை இருந்தென்ன பயன்?

எட்டயபுரத்தில் நிறைவு

தம்பி பாலுஸ்வாமி எட்டயபுரம் சமஸ்தானத்து வித்வானாக விளங்கினார். அவரைக் காணத் தீக்ஷிதர் புறப்பட்டுச் சென்றார். வழியெங்கும் மழையின்றி நிலம் வெடித்துக் கிடந்தது, பயிர் கருகியிருந்தது. அக்காட்சி பொறுக்காமல் அம்பிகையை நோக்கி அமிருதவர்ஷிணி ராகத்தில் பாடினார். மழை பொழிந்தது என்பர். அமிருதத்தைப் பொழிபவள் என்பதே அந்த ராகப் பெயரின் பொருள். ராகப் பெயரைப் பாட்டில் வைக்கும் அவருடைய நெடுநாள் நியமம், அன்று குடியானவர்களின் வேண்டுகோளாகவே ஒலித்தது.

1835-ஆம் ஆண்டு தீபாவளி நன்னாளில், எட்டயபுரத்தில், மதுரை மீனாக்ஷியம்மையைப் பற்றித் தாம் பாடிய கீர்த்தனத்தைச் சீடர்கள் பாடக் கேட்டவாறே தீக்ஷிதர் இறைவனடி சேர்ந்தார். அவர் சமாதி அவ்வூரில் இருக்கிறது.

அவர் பாடல்கள் அழியாமல் நமக்குக் கிடைத்ததும் ஒருவகைத் தவத்தின் பயனே. பாலுஸ்வாமியின் பேரரும் ஸ்வீகார புத்திரருமான சுப்பராம தீக்ஷிதர், 1904-ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூலை வெளியிட்டார். சின்னஸ்வாமி முதலியாரின் தூண்டுதலும் எட்டயபுரம் அரசரின் பொருளுதவியும் அதற்குத் துணைநின்றன. 229 தீக்ஷிதர் கீர்த்தனங்கள் ஸ்வரக் குறிப்போடு அந்நூலில் இடம்பெற்றன. அறிந்தவர் ஒருவர், தூண்டியவர் ஒருவர், பொருள் தந்தவர் ஒருவர் என மூவரும் கூடியிராவிட்டால் திருவாரூரில் பிறந்த அந்நாதத்தில் பெரும்பகுதி காற்றோடு போயிருக்கும். ஆலயத் திருப்பணியின் இயல்பும் அதுவேயன்றோ!

நமக்குக் கிட்டிய இடம் சிறிது, பொருள் சிறிது, காலம் சிறிது என்று நற்பணியைத் தள்ளிப்போடுவது மனித இயல்பு. நான்கு அக்ஷரத் தாளமும் எட்டு வேற்றுமையும் அசைக்க முடியாத பிறர் மெட்டும் தீக்ஷிதருக்குப் போதுமானவையாக இருந்தன. எல்லையைக் கண்டு அவர் திரும்பிச் செல்லவில்லை. அதன் உள்ளே நின்று, இன்னும் எத்தனை விதமாக அவனைப் பாடலாம் என்றே தேடினார். கர்ப்பக்கிருஹம் நான்கு சுவருக்குள் அடங்கிய சிறு இடமே. எல்லையற்ற பரம்பொருள் அங்கேதான் எழுந்தருளி நமக்குக் காட்சி தருகிறது. அத்திருவுருவை எண்ணி, கிட்டிய அளவுக்குள் நிறைவாகப் பணிசெய்யும் அன்பர் யாவர்க்கும் குருகுஹனின் திருவருள் பெருகுவதாக.